மறு: ‘மறுதொடக்கம்’ வேண்டாம், ‘மீளிணைவு’ சரிவருமா?

> செஷன் ரிசம்ப்ஷன்: ‘அமர்வு மறுதொடக்கம்’ என்று வைத்துவிடலாமா? பட்டியலை முடிக்க வேண்டும்.

ஐயா, அவசரம் புரிகிறது, ஆனால் இது மட்டும் வேண்டாம். மறுதொடக்கம் என்றால் இன்று எல்லாருக்கும் ரீபூட்தான். ஒரு சென்சர் கருவியின் அமைப்புப் பக்கத்தில் நானே ‘அமர்வு மறுதொடக்கம்: ஆன்’ என்று எழுதிக் கொடுத்தேன். சோதித்தவர், கருவி அடிக்கடி அணைந்து எழும் போலிருக்கிறது என்று அதை ஆஃப் செய்துவிட்டார். முன்பே அறிமுகமான சர்வரோடு முழுச் சரிபார்ப்பு இல்லாமல் திரும்ப இணைந்து, பேட்டரியை மிச்சப்படுத்தும் வசதியே அதுதான்!

கருவி முதல்முறை சர்வரோடு பேசும்போது சர்வர் யாரென்று காட்டும் சான்றிதழ் வரவேண்டும், கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். சான்றிதழ்ச் சங்கிலி சில கிலோபைட் வரை போகும், இத்தகைய சிறு கருவிகள் பயன்படுத்தும் 802.15.4 ரேடியோவில் ஒரு சட்டகம் மொத்தமே 127 பைட், அதிலும் தலைப்புகள் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். வெப்பநிலை என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்ல இத்தனை பாடு. இதைத் தவிர்க்கத்தான் சர்வர் முதல் சந்திப்பிலேயே ஒரு டிக்கெட் கொடுத்து அனுப்புகிறது, அடுத்த தடவை அதைக் காட்டினால் சான்றிதழே வேண்டாம். இணைப்பைப் பாதுகாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ் 1.3-இல் அந்த டிக்கெட்டுக்கு அதிகபட்சம் 7 நாள் ஆயுள். நான் இதை ‘அறிமுகச் சீட்டு’ என்பேன், அது செய்கிற வேலையும் அதுதான்.

இங்கே பழைய இணைப்பு தொடரவில்லை என்பதைக் கவனியுங்கள். இணைப்பு புதிது, மறையாக்கத் திறவுகோல்களும் புதிது, பழைய அறிமுகம் மட்டும் கைகொடுக்கிறது. அதனால் இன்னொருவர் சொன்ன ‘அமர்வுத் தொடர்ச்சி’யும் ஒட்டாது. உண்மையிலேயே தொடர்வது டிடிஎல்எஸ்ஸின் (தனித்தனிப் பாக்கெட்டுகளுக்கான டிஎல்எஸ்) கனெக்‌ஷன் ஐடி விஷயத்தில்தான் (2022-இல் ஆர்எஃப்சி 9146 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது). கருவி தூங்கி எழுவதற்குள் நடுவில் இருந்து முகவரியை மாற்றி அனுப்பும் நேட் அதன் போர்ட் எண்ணை மாற்றிவிட்டாலும், பாக்கெட்டில் இருக்கும் அடையாளத்தை வைத்து சர்வர் ஆளைக் கண்டுகொள்கிறது, கைகுலுக்கல் (இணைப்பின் தொடக்கச் சரிபார்ப்பு) இல்லாமலே பேச்சு அப்படியே போகிறது. ‘தொடர்ச்சி’யை அதற்கென்று வைத்துக்கொள்வோம், ஐடிக்கு ‘இணைப்பு அடையாளம்’ போதும்.

ஆக ரிசம்ப்ஷனுக்கு என் பரிந்துரை ‘மீளிணைவு’. ‘கருவி மீளிணைந்தது’ என்று வினையாகவும் வரும், பொத்தானிலும் அடங்கும். வைஃபை அறுந்து திரும்ப வருவதையும் அப்படித்தானே சொல்வார்கள் என்று கேட்பீர்கள், நியாயம்தான். குழப்பம் வரும் இடத்தில் ‘சீட்டுவழி மீளிணைவு’ என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் எர்லி டேட்டா பாக்கி. சீட்டு இருக்கிற தைரியத்தில் கைகுலுக்கல் முடியுமுன்பே தரவை அனுப்புவது. வேகம்தான், ஆனால் கதவுப் பூட்டுக்குப் போன ‘திற’ என்ற கட்டளையை நடுவில் ஒருவன் பிடித்து வைத்துத் திரும்பவும் அனுப்பினால் வம்பு. இப்போதைக்கு ‘முன்தரவு’ என்று குறித்திருக்கிறேன், ஆனால் அந்தச் சொல்லில் எச்சரிக்கையே இல்லை. வேறு தோன்றினால் சொல்லுங்கள் ஐயா.