புது லாரி விற்பனை படுத்தால் ஸ்பேர் வியாபாரம் கூடுமா? உங்கள் அனுபவம் என்ன?

ஸ்பேர் கடைக்காரர்:
கனரக வண்டி உதிரிபாகக் கடையில் 18 வருடம் ஆகிறது. புது வண்டி விற்காவிட்டால் பழைய வண்டியையே ஓட்டுவார்கள், ரிப்பேர் கூடும், நமக்கு நல்ல காலம் என்றுதான் தொழிலில் எல்லாரும் சொல்வார்கள். 2021-ல் அப்படித்தான் நடந்தது. சிப் தட்டுப்பாட்டால் கம்பெனி வாசலில் பாதி முடிந்த லாரிகள் வரிசையாக நின்றன. அதே வருடம் மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது வேறு. புகையில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று அளக்கும் நாக்ஸ் சென்சார் பத்து கேட்டால் இரண்டு வரும்.

அந்தப் பயத்தில் ஒரே பொருளுக்கு மூன்று சப்ளையரிடம் ஆர்டர் போட்டேன். 2022 கடைசியில் மூன்று பேர் சரக்கும் ஒரே மாதத்தில் வந்து இறங்கியது. அதற்குள் லோடு குறைந்துவிட்டது. 2023-ல் பாதி வருடம் புதிதாக எதுவும் வாங்காமல், இருந்ததையே விற்றேன். சப்ளையருக்கு மார்க்கெட்டே செத்துவிட்டது போலத் தெரிந்திருக்கும். உண்மையில் கவுன்டரில் விற்பனை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. மற்றவர்கள் என்ன பார்த்தீர்கள்?

ஆறு லாரி வைத்திருப்பவர்:
அண்ணே, லோடு இல்லாதபோது நான் இரண்டு வண்டியை ஓரங்கட்டினேன். ஓடுகிற வண்டிக்கு எது கெட்டாலும் நின்ற வண்டியிலிருந்து கழற்றினோம். முதலில் பேட்டரி, அப்புறம் ஆல்டர்னேட்டர், ஏர் டிரையர், நல்ல டயர்கள், கடைசியில் ஒரு இன்ஜெக்டர் கூட. ஏழெட்டு மாதம் கடைப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கும் பிரேக் லைனிங்குக்கும் மட்டும்தான் போனேன். பிரேக்கில் மட்டும் கை வைக்க மனசு வராது. ஷாக் அப்சார்பர், கேபின் ஏசி எல்லாம் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டேன்.

லோடு திரும்பி வந்தபோது அந்த இரண்டு வண்டியையும் ரோட்டில் இறக்க ஒரே வாரத்தில் இரண்டு பக்கத்துக்கு லிஸ்ட் எழுதினேன். கடையில் பாதிப் பொருள் இல்லை. நம்மைப் போல எல்லாரும் அதே வாரம்தான் போய் நின்றிருக்கிறோம்.

பணிமனை மெக்கானிக்:
வாரண்டியில் உள்ள வண்டி டீலரிடம்தான் போகும். எங்கள் கைக்கு வர மூன்று நாலு வருடம் ஆகும், பெரும்பாலும் இரண்டாவது ஓனரோடு. அதனால் இன்றைய விற்பனை எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்து சேரும். அமெரிக்காவில் 2007-ல் புகை விதி கடுமையாகிறது என்று 2006-லேயே லாரிகளை வாங்கிக் குவித்தார்கள், அடுத்த வருடம் விற்பனை சரிந்தது. அந்த மேடும் பள்ளமும் சில வருடம் கழித்து ஸ்பேர் பக்கம் வராமல் போகாது. எந்த வருடத்து வண்டி எத்தனை ஓடுகிறது என்று தெரியாமல் ஸ்டாக் போடக் கூடாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். கையில் காசு குறைந்தால் டூப்ளிகேட் உள்ளே வந்துவிடுகிறது. ஒருவர் எங்கிருந்தோ மலிவாக நாக்ஸ் சென்சார் வாங்கி வந்து மாட்டச் சொன்னார். மூன்றே வாரத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, இன்ஜின் பவரைத் தானே குறைத்துக்கொண்டது. லோடோடு நடு ரோட்டில் நின்றார். மறுபடி ஒரிஜினல் மாட்டினோம், செலவு இரண்டு மடங்கு. டர்போ என்றால் கம்பெனி புதுப்பித்துத் தருவதை வாங்குங்கள் என்பேன். பழையதைத் திருப்பிக் கொடுத்தால் கட்டிய டெபாசிட்டும் கைக்கு வந்துவிடும். சென்சாரில் மட்டும் விலை பார்க்காதீர்கள்.

ஸ்பேர் கடைக்காரர்:
தம்பி, நின்ற வண்டியிலிருந்து கழற்றுவது என் கணக்கில் வரவே இல்லை. வண்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறேன், ஓட்டத்தைப் பார்க்கவில்லை. இந்த மாதம் ஆர்டர் போடும் முன் வாடிக்கைக்காரர்கள் பதினைந்து பேரிடம் இரண்டு கேள்வி கேட்டேன்: போன மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை வண்டி நிற்கிறது. ஒன்பது பேரிடம் நிற்கிற வண்டி இருக்கிறது. ஆல்டர்னேட்டர் ஆர்டரைப் பாதியாக வெட்டிவிட்டேன். பிரேக் லைனிங்கைக் குறைக்கவில்லை.