தூங்கி நிற்கும் வான்கோழிக் குஞ்சு: உங்கள் வீட்டில் என்ன ஆனது?

மூன்றடைப்புக்காரன்:

ஆடியில் ஆறு குஞ்சு வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு எடை வந்துவிடும் என்று கணக்கு. பத்து நாள் வயது என்றார்கள். மூன்றாம் நாளே ஒன்று இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்க ஆரம்பித்தது. பஞ்சாரத்திலிருந்து எடுத்து, ஓலைப்பெட்டியில் பழைய சாரத்தை (கைலியை) விரித்து அடுப்பங்கரையில் வைத்தோம். தீவனம் மூக்குக்கு நேரே இருந்தது, தண்ணீரும் இருந்தது. இரண்டையும் தொடவில்லை. வயிறு மந்தம் போல, ஒரு நாள் பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரவு அம்மா அதைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தாள். இரண்டு நாளாகத் தலை தூக்காத குஞ்சு, கண்ணைத் திறந்து அவள் மூக்குத்தியை டக்கென்று கொத்தியது. விடவில்லை, மூன்று தடவை. "மூக்குத்தியப் பிடுங்கப் பாக்குலே" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே போனில் படம் பிடிக்கப் போனேன்.

காலையில் விறைத்துக் கிடந்தது. தீனிப்பையைத் தடவிப் பார்த்தால் காலி. அப்புறம்தான் விவரம் தெரிந்தவர் ஒருவர் சொன்னார்: வான்கோழிக் குஞ்சுக்குச் சின்னதில் பார்வை மட்டு, தீவனம் முன்னாலேயே இருந்தாலும் தெரியாமல் பட்டினியில் சாகும், மினுங்குகிறதைத்தான் கொத்தும், தண்ணீரிலும் தீவனத்திலும் கலர் கோலிக்குண்டு போடவேண்டும் என்று. அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.

பணகுடி அண்ணாச்சி:

தம்பி, கோலிக்குண்டெல்லாம் இரண்டாவது. உங்கள் குஞ்சு செத்தது குளிரில். ஆடிக்காற்றில் எங்கள் ஊர்க் காற்றாலை நிற்காமல் சுற்றும், அந்தக் காற்றுதான் மூன்றடைப்புக்கும் வருகிறது. முதல் வாரம் குஞ்சு நிற்கிற இடத்தில் 35 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வரலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் சூடு போதவில்லை, வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் அதிகம். ஓலைப்பெட்டியும் சாரமும் அதற்கு எந்த மூலைக்கு?

முதல் 15 நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்து வையுங்கள். பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டையை உதிர்த்துப் போடுங்கள். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் பொடியாக நறுக்கிப் போடலாம், விரும்பித் தின்னும். இன்னொன்று, கறிக்கோழித் தீவனத்தை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. வான்கோழிக் குஞ்சுக்குப் புரதம் 28 சதவீதம் வேண்டும், அதில் அவ்வளவு கிடையாது. அதைவிட மோசம், ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கச் சேர்க்கிற சாலினோமைசின். கறிக்கோழிக்கு அது மருந்து, வான்கோழிக்கு விஷம். மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

நாட்டுக்கோழியோடு சேர்த்து விட்டிருந்தால் அது அடுத்த தப்பு. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். என் அனுபவம் என்று கேட்டால், நானும் ஒன்பது வாங்கினேன், நான்கு தேறியது.

மூன்றடைப்புக்காரன்:

நாட்டுக்கோழியோடு விட்டேன் என்று நான் எங்கே எழுதினேன் அண்ணாச்சி? எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. அடுப்பங்கரையில் கங்கு இருந்தது, குளிரவும் இல்லை.

சிந்துபூந்துறை அக்கா:

2023 டிசம்பர் வெள்ளம். தேதியைச் சொல்லவேண்டியதில்லை, இங்கே எல்லோருக்கும் தெரியும். தாமிரபரணி தெருவுக்குள் வந்ததும் மாடிக்கு ஏறிவிட்டோம். கரண்ட் இல்லை. மூன்று வாரக் குஞ்சு ஒன்று ஏற்கெனவே வெள்ளையாகக் கழிந்துகொண்டிருந்தது. சிலிண்டரையும் அடுப்பையும் மேலே தூக்கியிருந்ததால் தண்ணீர் சுடவைத்துப் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, அதன் பக்கத்தில் வைத்தேன். ஆறினால் மறுபடி சுடவைப்பது. ராத்திரி முழுக்க இதே வேலை.

என்னை உறுத்துவது வேறு. அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று மிச்சம் இருந்தது. கீழ்வீட்டுக்காரர்களும் எங்களோடுதான் மாடியில். அவர்கள் பிள்ளைக்கு இரண்டு வயது, பாலுக்கு அழுதது. பாலைக் காய்ச்சி டம்ளரில் கொடுத்தேன். கொடுக்காமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து ஒளித்து வைத்தேன், குஞ்சுக்கு. விடியக்காலையில் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு பஞ்சில் தொட்டுச் சொட்டுச் சொட்டாக அலகில் விடுகிறேன், அந்தப் பிள்ளையின் அம்மா முழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குஞ்சு பிழைத்தது, வெயில் காலத்துக்குள் ஏழு கிலோ வந்துவிட்டது. அந்தப் பிள்ளைதான் தினமும் கீரை போட வரும். அவன் அம்மா வாசலோடு நின்றுகொள்வாள்.

பணகுடி அண்ணாச்சி:

அக்கா, பஞ்சில் பால் விடுவது ஆபத்து. மூச்சுக்குழலில் ஏறினால் அங்கேயே போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே நக்கி விழுங்கும். வெள்ளைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட் நோயாக இருக்கலாம், அதற்குத் தடுப்பு மருந்து முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு விட்டிருக்கவேண்டும்.

சிந்துபூந்துறை அக்கா:

சரி அண்ணாச்சி. அடுத்த வெள்ளத்துக்கு ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

அம்பாசமுத்திரம்:

அண்ணாச்சி தனியாக எழுதுகிறேன் என்று விட்டதை நான் எழுதிவிடுகிறேன், அது எங்கள் வீட்டில் நடந்தது. ஆச்சி ஐந்து வான்கோழி முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைத்தாள். கோழிக்கு 21 நாள், இதற்கு 28. பாவம், அந்தக் கோழி ஒரு வாரம் கூடுதலாகப் படுத்துக் கிடந்து நான்கைப் பொரித்தது. தாயோடுதானே திரியும்? தொழுவத்துக் குப்பையை அதுவும் கிளறும், குஞ்சுகளும் கிளறும்.

இரண்டு மாதத்தில் ஒரு குஞ்சு சோர்ந்து நின்றது. ஆச்சி வேப்பிலை, சீரகம், மஞ்சள் அரைத்து உருட்டி வாயில் போட்டாள். மறுநாள் திண்ணையில் எச்சம் பளீரென்று மஞ்சளாக இருந்தது. "மருந்து வேலை செய்யி பாரு, மஞ்சளாப் போகுது" என்றாள். எங்களுக்கும் நிம்மதி. மூன்று நாள் அந்த நிம்மதியிலேயே போனது. இரண்டாவது குஞ்சுக்கும் மஞ்சளாகப் போனபோதுதான் எனக்குத் திக்கென்றது, அதற்கு மருந்தே கொடுக்கவில்லை.

செத்ததை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். அறுத்துக் காட்டினார்கள். ஈரல் முழுக்கக் காசு காசாக வட்டப் புண். கருந்தலை நோய் என்றார்கள். நாட்டுக்கோழியின் குடலில் இருக்கிற சின்னப் புழுவின் முட்டையில் அந்தக் கிருமி உட்கார்ந்திருக்குமாம். மண்புழு வழியாகவும் வரும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, வான்கோழியைக் கொன்றுவிடும். நான்கும் போய்விட்டன.

ஆச்சியிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்தக் கோழி இப்போதும் அவள் கட்டிலுக்கு அடியில்தான் முட்டையிடுகிறது.

பணகுடி அண்ணாச்சி:

கோழிக்குப் பூச்சி மருந்து கொடுத்திருந்தால்

மூன்றடைப்புக்காரன்:

அண்ணாச்சி, போதும்.

மிச்சம் ஐந்தில் மூன்று இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டிருக்கிறேன், பக்கத்துவீட்டுப் பையனிடம் கடன் வாங்கியது. அம்மா மூக்குத்தியைக் கழற்றி அஞ்சறைப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் கூட்டுக்குள் குனிகிறாள்.