மீட்டரில் காசு முடிந்த இரவும் இன்ஸ்பெக்டர் மோர்ஸும்

பழைய தொடர்களைத் திரும்பப் பார்த்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். என்னுடையது கொஞ்சம் வெட்கக்கேடானது. ஒரு கொலைக் கதைக்குப் பிழையான முடிவை 30 வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியது போதாதென்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன். ('இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்ற ஆங்கிலத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.)

1990 ஆம் ஆண்டு. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நாங்கள் நான்கு பேர். மின்சாரத்துக்கு 50 பென்ஸ் காசு போடும் மீட்டர். காசு விழுந்தால் லைட், ஹீட்டர், தொலைக்காட்சி எல்லாம் உயிர் பெறும். முடிந்தால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடும். எங்களில் மூத்தவரான அண்ணை பட்டப்படிப்பை இடையில் விட்டுவிட்டு ஊரிலிருந்து வந்தவர். உலகத்தில் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கும். மீட்டரில் போடக் காசு மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை. "தம்பி, அம்பது பென்ஸ் குத்தி ஒண்டு கிடக்கே?" என்பார். நான்தான் இருந்ததிலேயே இளையவன். போடுவேன்.

எனக்கு இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. லீவு நாளில் ஆங்கிலம் பழகத் தொலைக்காட்சி பார்ப்பேன். தொலைக்காட்சித் திரையில் எழுத்தில் தகவல் காட்டும் டெலிடெக்ஸ்ட்டில் 888 ஐ அழுத்தினால் திரையின் அடியில் வசனம் ஓடும். மற்றத் தொடர்களில் வசனத்தை வாசித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். மோர்ஸ் அப்படியில்லை. விளம்பரத்தோடு இரண்டு மணிநேரம் ஆறுதலாகப் போகும். அந்த ஆள் ஆக்ஸ்ஃபோர்டில் சிவப்பு ஜாகுவாரை ஓட்டிக்கொண்டு ஓப்பரா கேட்பார். தன் சார்ஜன்ட் லூயிஸ் எழுதும் அறிக்கையில் எழுத்துப் பிழை பிடிப்பார். அவர் லூயிஸைத் திருத்தும்போது நானும் திருந்திக்கொள்வேன். லூயிஸின் நியூகாசில் பேச்சுத்தான் 888 இல்லாமல் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது.

அன்று ஓடியது முதல் படமான 'தி டெட் ஆஃப் ஜெரிக்கோ'. ஜெரிக்கோ என்பது ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பகுதி. முதலில் வந்தது 1987 ஜனவரி 6 அன்று. ஆகவே நாங்கள் பார்த்தது மறுஒளிபரப்பாக இருந்திருக்க வேண்டும். மோர்ஸோடு ஒரே பாட்டுக் குழுவில் பாடும் ஆன் என்ற பெண் வீட்டுக்குள் தூக்கில் தொங்குகிறாள். இரண்டு மணிநேரம் அலைந்து, கடைசியில் மோர்ஸ் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டதாக லூயிஸிடம் சொல்கிறார். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸ், அவருடைய நாடக நாயகன் இடிபஸ் என்று பெயர்கள் திரையின் அடியில் ஓடுகின்றன. அந்த நேரம் பார்த்து மீட்டர் தீர்ந்தது. நான்கு பேரின் பொக்கெட்டிலும் ஒரு 50 பென்ஸ் இல்லை.

மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு அண்ணை தொடங்கினார். தகப்பனைத் தகப்பன் என்று தெரியாமல் கொன்ற இடிபஸ், தாயைத் தாய் என்று தெரியாமல் மணந்தது, உண்மை தெரிந்ததும் அவள் தூக்கில் தொங்கியது, அவன் கண்ணைக் குத்திக்கொண்டது எல்லாம் வந்தது. "இப்ப விளங்குதே? அந்தப் பொம்பிளை ஏன் தூக்கிலை தொங்கினவ எண்டு?" எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு துப்பறியும் படத்துக்குள் இவ்வளவு பெரிய விஷயமா!

பிறகு எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். வேலையிடத்தில் ஒரு ஆங்கிலேயர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். மகள் பள்ளியில் இடிபஸ் நாடகம் படித்தபோது, "மோர்ஸ் முதல் படத்தில் இதுதான் முடிவு, போய் டீச்சரிடம் சொல்" என்றேன். நல்லவேளை, சொல்லவில்லையாம்.

போன வருடம் முழங்கால் ஆபரேஷன். வீட்டில் இருந்த நாட்களில் 33 படங்களையும் முதலில் இருந்து தொடங்கினேன். ஜெரிக்கோ படத்தில் அந்த இடம் வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு இருத்தி, "இனித்தான் பார்" என்றேன். மோர்ஸ் சொன்னார். அடுத்த சில நிமிடங்களில் அந்த விளக்கம் அப்படியே கவிழ்ந்து போனது. முழுக்கப் பிழை. அந்தப் பெண் தன் சொந்தத் துயரத்தில் உயிரை விட்டிருந்தாள். கிரேக்க நாடகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

அதன்பிறகு நான் படம் பார்த்த விதமே மாறிவிட்டது. இந்த மனிதர் படத்துக்குப் படம் பிழை விடுகிறார்! ஒருவரைச் சந்தேகித்து, அவரே கொலையாகிக் கிடக்கும்போதுதான் அடுத்தவரைத் தேடுகிறார். கொலை விசாரிக்கிற ஆளுக்குப் பிணத்தைப் பார்த்தால் தலை சுற்றும். 1990 இல் இதில் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அவர் கிழவர் என்பது மட்டும் பட்டது. முதல் படம் வந்தபோது மோர்ஸாக நடித்த ஜோன் தோவுக்கு 45 வயது முடிந்து மூன்று நாள்தான். எனக்கு இப்போது 60. அவர் 2002 இல் காலமானதும் 60 வயதில்தான்.

அப்புறம் அந்தப் பியர். பப்புக்குள் நுழைந்தால் மோர்ஸுக்கு ஏதாவது யோசனை வந்துவிடும், கை பொக்கெட்டுக்குப் போகாது. லூயிஸ்தான் காசு கொடுத்து வாங்கிவந்து வைப்பார். தனக்கு ஓர் ஒரேஞ்ச் ஜூஸ். வீட்டில் மனைவி சாப்பாட்டோடு காத்திருப்பாள். அன்று அந்த அறையில் லூயிஸின் முகத்தை ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருந்தால் என் 50 பென்ஸ்கள் எங்கே போகின்றன என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்கும்.

கடைசிப் படம் 'தி ரிமோர்ஸ்ஃபுல் டே', 2000 நவம்பர் 15. ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸெட்டர் கல்லூரி முற்றத்தில் மோர்ஸ் விழுகிறார். சாகும்போது, என் சார்பில் லூயிஸுக்கு நன்றி சொல்லுங்கள் என்கிறார். 13 வருடம் நேரில் சொல்லாததை, லூயிஸ் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் சொல்கிறார். அப்படியும் லூயிஸ் பிணவறைக்கு வந்து அவர் நெற்றியில் முத்தமிடுகிறார். எனக்கு மோர்ஸ் மீதுதான் கோபம் வந்தது.

*

(ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ்)

அண்ணா, உங்கள் இடிபஸ் கதையைப் படித்துவிட்டு வார்டில் சிரித்துவிட்டேன். நான் சென்னையிலிருந்து இங்கே வந்தபோது மோர்ஸ் யார் என்றே தெரியாது. மதிய நேரத்தில் வயதான நோயாளிகள் மோர்ஸ் ஓடும் ஐடிவி3 சானலை வைக்கச் சொல்வார்கள். ஒரு பாட்டி, படம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கொலையாளி யார் என்று சொல்லிவிட்டு அப்புறம் முழுப் படத்தையும் பார்ப்பார். "தெரிந்த பிறகு என்ன பாட்டி பார்க்கிறீர்கள்?" என்றேன். அவர் பார்ப்பது கட்டிடங்களையாம். அந்தத் தெருக்களில் சைக்கிளில் போனவராம்.

ஜெரிக்கோ பக்கம் நான் தினமும் நடந்து போகிறேன். கால்வாய் ஓரத்துச் சின்ன வீடுகள்தான், ஆனால் விலையைக் கேட்டால் மோர்ஸுக்கே மயக்கம் வரும். ராண்டால்ஃப் ஹோட்டலில் அவர் பெயரிலேயே ஒரு பார் உண்டு. ஒருமுறை போனேன், பில்லைப் பார்த்தபோது லூயிஸ் ஞாபகம் வந்தது. இன்னொரு விஷயம்: தொடக்க இசையில் டிக் டிக் என்று வருவது மோர்ஸ் தந்திக் குறியீட்டில் அவருடைய பெயர்தான். சில படங்களில் இசையமைப்பாளர் பெலூங் கொலையாளியின் பெயரைக்கூட அப்படி ஒளித்து வைத்தாராம். உங்களுக்குத் தந்தி தெரிந்திருந்தால் மீட்டர் பிரச்சினையே இல்லை!

அந்த அண்ணையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா?

*

(மான்செஸ்டரிலிருந்து)

லூயிஸுக்காக இரங்குகிறீர்கள், சரி. நான் திரும்பப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் பட்டது பெண்கள். நாற்பது வயதில், படித்த, அழகான ஒரு பெண் வந்து மோர்ஸ் அவளிடம் மயங்கினால் எனக்கு உடனே கவலை வந்துவிடும். ஒன்று அவள் சாவாள், இல்லை கொலை செய்திருப்பாள். இரண்டும் இல்லையென்றால் ஊரை விட்டுப் போவாள். மோர்ஸின் மூன்றாம் சீசனில் கிரேலிங் ரஸல் என்று ஒரு மருத்துவர் வந்தார், பிணத்தைப் பார்த்துத் தலை சுற்றாத பெண். அந்த சீசனோடு அவரையும் காணோம். இளம் வயதில் இதைக் காதல் சோகம் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

மோர்ஸ் ஓடிய அதே ஐடிவியில் 1991 ஏப்ரலில் 'பிரைம் சஸ்பெக்ட்' வந்தது. லிண்டா லா பிளான்ட் எழுதியது, ஹெலன் மிரன் நடித்தது. டென்னிசன் என்ற பெண் போலீஸ் அதிகாரி கொலை விசாரணைக்குத் தலைமை ஏற்கிறாள். அவள் எப்போது தவறுவாள் என்று கீழே இருக்கும் ஆண்களே காத்திருக்கிறார்கள். 'மேம்' என்று கூப்பிட்டவனிடம், நான் ஒன்றும் மகாராணி இல்லை என்பாள். அதே மிரன் 2006 இல் மகாராணியாகவே நடித்து ஆஸ்கர் வாங்கினார் என்பது வேறு கதை. நான் வேலையிடத்தில் டீம் லீடர் ஆன வருடம் அதை மறுபடி பார்த்தேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மோர்ஸ் கோபப்பட்டால் அது மேதையின் குணம். டென்னிசன் கோபப்பட்டால் அவளைப் பற்றிப் புகார் போகும்.

*

(முதலில் எழுதியவர்)

மான்செஸ்டர் தங்கச்சி, நீங்கள் சொன்னது சரி. ஜெரிக்கோ படத்தில் அந்த ஆன் என்ற பெண்ணைப் பற்றி நானும் ஒரு புதிருக்கு மேல் யோசிக்கவில்லை.

நர்ஸ் தங்கச்சிக்கு: அண்ணை இப்போது கனடாவில். நேற்றுத்தான் போன் எடுத்தேன். லைட் போன இரவு நினைவிருக்கா என்று கேட்டதும், "ஓமோம், இடிபஸ் கதை" என்றார்.

"அது பிழை அண்ணை. மோர்ஸ் சொன்னது பிழையெண்டு கடைசியிலை வருது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப நீ ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"கரண்ட் போட்டுது அண்ணை. எப்பிடிப் பாக்கிறது?"

"ஒரு குத்தியைப் போட்டிருக்கலாமே, தம்பி."