மோதும் விண்மீன் திரள் கொத்துகளில் ரேடியோ வளைவுகள்

கேள்வி:
‘சாசேஜ்’ எனப்படும் விண்மீன் திரள் (கேலக்ஸி) கொத்தின் வடக்கு விளிம்பில், சுமார் 65 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள மெல்லிய ரேடியோ வளைவு ஒன்று இருப்பதாக 2010-இல் அறிவிக்கப்பட்டது. எந்தத் தனி விண்மீன் திரளும் அவ்வளவு பெரியதன்று என்னும்போது, அந்தக் கதிர்வீச்சு எதிலிருந்து வருகிறது?

மறுமொழி 1:
இரண்டு கொத்துகள் மோதும்போது அவற்றின் வெப்ப வாயுவில் எழும் அதிர்ச்சி அலை வெளிநோக்கிப் பரவுகிறது. அது எலக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்திற்கு முடுக்கிவிட, அவை காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. வளைவின் வெளிவிளிம்பிலிருந்து கொத்தின் மையத்தை நோக்கி வரவர, உயர் அதிர்வெண்களில் ஒளிர்வு விரைந்து மங்குகிறது. ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான்களே முதலில் ஆற்றலை இழக்கும் என்பதால், அலை கடந்துபோன திசையை இதிலிருந்தே படித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான். சில இடங்களில் 50 விழுக்காட்டைத் தாண்டும் முனைவாக்கமும் (ரேடியோ அலைகள் ஒரே திசையில் அதிரும் தன்மை), அலை காந்தப்புலத்தை அழுத்தி ஒழுங்குபடுத்தியதைக் காட்டுகிறது.

மறுமொழி 2:
ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இத்தகைய அதிர்ச்சி அலைகள் வலுக்குறைந்தவை. சாதாரண வெப்ப எலக்ட்ரான்களை இவ்வளவு திறம்பட முடுக்க அவற்றால் இயலுமா என்பது ஐயத்துக்குரியது. ஆகவே, கருந்துளைத் தாரைகள் (விண்மீன் திரள்களின் மையக் கருந்துளைகளருகிலிருந்து பீறிடும் துகள் பாய்ச்சல்கள்) முன்பே விட்டுச்சென்ற பழைய எலக்ட்ரான்களே மீண்டும் முடுக்கப்படுகின்றன என்ற விளக்கம் வலுப்பெற்றுள்ளது. ஏபெல் 3411, 3412 கொத்துகளில் ஒரு விண்மீன் திரளின் ரேடியோ வால், அதாவது அதன் தாரைகள் பின்னே விட்டுச்சென்ற நீண்ட தடம், நேரே அத்தகைய வளைவில் சென்று சேர்வது 2017-இல் வெளியிடப்பட்டது.

மறுமொழி 3:
சாசேஜ் வளைவை ஆராய்ந்த கருவிகளுள், புணே அருகே கோடத் என்ற ஊரில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் ஒன்று.