புதுப்பிப்பு: மனோன்மணீயம் மேடையேறியது

கல்லூரி அரங்கில் மனோன்மணீயம் போடலாமா, செய்யுள் வசனம் எடுபடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டுவிட்டோம், நன்றாகவே எடுபட்டது!

1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் நாடகம் 5 அங்கம், 20 களம் (காட்சி). முழுதாக நடிக்க நேரமில்லை. நாடகத்துக்குள் வரும் கிளைக்கதையான சிவகாமி சரிதத்தை விட்டுவிட்டோம். வருத்தம்தான், ஆனால் கதை ஓட்டம் கெடவில்லை. அகவல் என்ற செய்யுள் வகையில் அமைந்த வசனத்தைச் சீர் சீராக ஒப்பிக்காமல், பொருள் முடியும் இடத்தில் நிறுத்திப் பேச வைத்தோம். அதன் பிறகுதான் பேச்சுக்கு உயிர் வந்தது. சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலன் அரசன் ஜீவகனைப் புகழ்ந்தே கவிழ்க்கும் இடங்களில் அரங்கமே கட்டுண்டு கிடந்தது. கதையில் வரும் சுரங்கக் காட்சிக்கு மங்கிய விளக்கே போதுமாயிருந்தது.

அப்புறம், தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை நாடகப் பாயிரத்தில் உள்ளபடி, அரசு வடிவத்தில் விடுபட்ட வரிகளோடு பாடினோம். அது இந்த நாடகத்துப் பாட்டு என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது.