புதுப்பிப்பு: கோரைப்புல் ஒருவழியாக அடங்கியது

பிடுங்கப் பிடுங்க முளைக்கும் கோரையை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வினிகர் தெளித்ததில் இலை மட்டுமே கருகியது. 10 நாளில் புதுத் தளிர். அப்புறம் கறுப்பு பிளாஸ்டிக் விரித்தேன். கூர்முளை அதையும் துளைத்து வெளியே வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

பலித்தது, "கிழங்கோடு தோண்டி எடுங்கள்" என்று சொன்னவரின் வழிதான். மண்வெட்டியால் கொத்தாதீர்கள், மண்ணுக்கடியில் சங்கிலிபோல் கோத்திருக்கும் கிழங்குகள் அறுந்தால் ஒவ்வொன்றும் தனியாக முளைக்கும். கடப்பாரையால் நெம்பி, மண்ணை உதிர்த்து, கிழங்குகளைப் பொறுக்கினேன். மறுபடி தலைகாட்டியதை வாரந்தோறும், 5 இலை விடுமுன்பே எடுத்தேன். காலி இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி படரவிட்டேன்; கோரைக்கு நிழல் ஆகாது.

4 மாதம் ஆகிறது. வேலியோரம் மட்டும் சில முளைகள் இன்னும் வருகின்றன.