ஆழ்துயிலுக்கு அப்புறம் சாதனம் எந்திரிக்கலைன்னா: "எழாமை"ன்னு வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

ரெஸ்யூம் ஃபெயிலியருக்கு, அதாவது தூங்கின கம்ப்யூட்டர் திரும்பும்போது அதுல ஒரு சாதனம் மட்டும் வேலைக்கு வராம போறதுக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு இதுவரைக்கும் இங்க வந்த சொற்களை எல்லாம் படிச்சேன். சாதனப் பழுது, மீட்புத் தோல்வி, மீள்தொடக்கப் பிழை. மூணுமே எனக்கு உறுத்துது, ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

உள்ளே என்ன நடக்குதுன்னு முதல்ல பாத்துடலாம், சொல்லு அதுலேர்ந்துதான் வரணும். சாதாரணத் துயில்ல (ஸ்லீப்), அதாவது எஸ்3ங்கிற நிலைல, ராமுக்கு மட்டுமாவது கரண்ட் ஓடிக்கிட்டிருக்கும். எஸ்4ல, நாம ஆழ்துயில்னு (ஹைபர்னேட்) சொல்றதுல, மெமரில இருக்கிறது அப்படியே நகலாகி டிஸ்குக்குப் படிமமா போயிடும், அப்புறம் ராமுக்கும் கரண்ட் கிடையாது. திரும்ப ஆன் பண்ணும்போது லினக்ஸ்ல முதல்ல ஒரு புது கர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) பூட் ஆகி, அந்தப் படிமத்தை மெமரில ஏத்தி, சாதனங்களை நிறுத்தி வச்சிட்டு, படிமத்துல இருக்கிற பழைய கர்னல் கையில பொறுப்பைக் குடுத்துட்டு ஒதுங்கிடும். பழைய கர்னலோட கணக்குல வைஃபை கார்டு ஓடிக்கிட்டிருக்கு, ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஓடுற மென்பொருள்) ஏறியிருக்கு. ஆனா கரண்ட் போய் வந்ததுல கார்டுல ரிஜிஸ்டர் (அதோட அமைப்புகள் இருக்கிற இடம்) எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும், ஃபர்ம்வேரும் போயிருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைச் சரிக்கட்டுறதுதான் இயக்கியோட (டிரைவர்) வேலை. அது நடக்கலைன்னா லாக்ல, அதாவது சிஸ்டத்தோட பதிவேட்டுல, எர்ரர் மைனஸ் 110ன்னு ஒரு வரி விழும், குறிச்ச நேரத்துக்குள்ள கார்டு பதில் சொல்லலைன்னு அர்த்தம். திரையில பாத்தா விண்டோ எல்லாம் விட்ட இடத்துலயே இருக்கும், பாதி டைப் பண்ணின வரிகூட அப்படியே நிக்கும், வைஃபை மட்டும் இருக்காது.

இங்க கார்டு பழுதாகவே இல்ல. இயக்கியைக் கழட்டி மறுபடி ஏத்தினாலே பல நேரம் வந்துடும். அதைப் போய் "சாதனப் பழுது"ன்னு திரையில காட்டினா படிக்கிறவர் புது கார்டு வாங்கக் கிளம்பிடுவார். ஒரு சொல்லு ஆளைத் தப்பான வழியில அனுப்பக் கூடாது, எனக்கு அதுதான் முக்கியம், அழகு எல்லாம் அப்புறம்.

மீட்புத் தோல்வில வேற சிக்கல் இருக்கு. படிமத்தை மீட்கிறதும் மீட்புதான், சாதனத்தை மீட்கிறதும் மீட்புதான், ஆனா விளைவு ஒண்ணா? படிமம் ஏறலைன்னா முழு செஷனும் போச்சு, சேமிக்காத வேலையும் போச்சு. சாதனம் ஒண்ணு வரலைன்னா மத்ததெல்லாம் பெரும்பாலும் பத்திரமா இருக்கும். இந்த ரெண்டையும் ஒரே சொல்லுல கட்டிப்போட்டா கையேடு எழுதுறவங்க பாடு திண்டாட்டம். அதனால மீட்பு படிமத்துக்கே இருக்கட்டும்.

மூணாவது, தோல்வி, பிழைன்னு பொதுவா வச்சா போகும்போது வர்ற சிக்கலும் திரும்பும்போது வர்ற சிக்கலும் ஒண்ணாயிடுது. தூங்கப் போகும்போது ஒரு சாதனம் முடியாதுன்னு சொன்னா லினக்ஸ் மொத்தத் துயிலையும் ரத்து பண்ணிட்டு அதுவரைக்கும் நிறுத்தினதை எல்லாம் எழுப்பிடும். திரும்பும்போது அப்படிப் பண்ண வழியே இல்ல, பின்னாடி போறதுக்கு இடம் ஏது, அதனால ஒண்ணு வரலைன்னா லாக்ல எழுதிட்டு அடுத்த சாதனத்துக்குப் போயிடும். போகும்போது நடக்கிறதுக்குத் "துயில் மறுப்பு", வரும்போது நடக்கிறதுக்கு "எழாமை". இதுதான் என் பரிந்துரை.

துயிலெழுதல் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிற சொல்லு. எழல், எழுப்பு, எழாமை, எழாச் சாதனம், மறு எழுப்பல்னு ஒரே வேர்லேர்ந்து அஞ்சும் கிடைக்குது. எழாச் சாதனம்ங்கிறது செல்லாக்காசு மாதிரி அமைப்புதான், யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. பிழைச்செய்தி "வைஃபை கார்டு எழவில்லை: நேரம் கடந்தது"ன்னு வரும். "எழவில்லை"ன்னா காதுல "எழவு" விழுதேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார், நியாயமான கேள்வி. ஆனா "குழந்தை இன்னும் எழவில்லை"ன்னு கூச்சமில்லாம எழுதத்தான் செய்றோம், அதனால எனக்கு அது தடையாத் தெரியல. பட்டன்லயும் தலைப்புலயும் எழாமைன்னே வச்சுக்கலாம்.

ஒரு எல்லையும் போட்டுடணும். கம்ப்யூட்டர் தூங்கும்போது பென் டிரைவைப் பிடுங்கிட்டு வேற ஒண்ணைச் சொருகினா, கர்னல் அதோட விவரத்தை ஒப்பிட்டுப் பாத்துட்டுப் பழசு கழட்டப்பட்டதாவே எடுத்துக்கும். அது எழாமை இல்ல, ஆளே அங்க இல்ல. அதுக்கு "சாதனம் அகற்றப்பட்டது"ன்னு இப்ப இருக்கிறதே போதும்.

ஃப்ரீஸ் (freeze), தா (thaw) ரெண்டுக்கும் உறையவை, இளக்குன்னு இங்க வந்தது எனக்குப் பிடிச்சிருக்கு. படிமம் எடுக்கும்போது சாதனங்களை உறையவச்சு, எடுத்து முடிச்சதும் டிஸ்குல எழுதுறதுக்காக இளக்குவாங்க, அங்க இன்னும் கரண்ட் போகலை. அந்தக் கட்டத்துல ஒண்ணு மாட்டிக்கிச்சுன்னா அதையும் எழாமைன்னு சொல்றது எனக்குச் சரியாப் படல, "இளகாமை"ன்னு தனியா வைக்கலாம்னு பாக்குறேன். இயக்கி எழுதுறவங்க யாராவது இது தேவையா, இல்ல ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டுமான்னு சொன்னா அதை வச்சு சொற்பட்டியல்ல ஏத்திடலாம்.